ஈகிள் ஸ்கவுட்: 18-வது பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அமெரிக்கச் சாரணர் இயக்கமான ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் ஆக உயர்ந்த படிநிலை ஈகிள். 1912-இல் ஆர்தர் எல்ட்ரெட் முதல் ஈகிள் ஆனார். 2019 முதல் பெண் பிள்ளைகளும் இதற்கு முயலலாம். இதன் தேவைகளில் ஒரு சராசரிப் பிள்ளையால் முடியாதது என்று எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அதற்கு முந்தைய லைஃப் படிநிலை வரை வந்துவிட்டு அங்கேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு ட்ரூப்பிலும் (உள்ளூர் ஸ்கவுட் குழு) உண்டு. காரணம் பெரும்பாலும் தேதிதான். படிநிலை தருமுன் பெரியவர்கள் குழு பிள்ளையோடு பேசும் போர்டு ஆஃப் ரிவ்யூ (சுருக்கமாக போர்டு) தவிர மற்ற எல்லாத் தேவைகளும் 18 வயது நிரம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். "பரீட்சை இருந்தது", "கல்லூரி விண்ணப்பம் இருந்தது" என்றெல்லாம் சொல்லிக் கூடுதல் காலம் கேட்க முடியாது. பிள்ளையின் கையில் இல்லாத கடுமையான சூழ்நிலைக்கு மட்டுமே கால நீட்டிப்பு உண்டு.

குடியுரிமை பற்றி நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விக்கு முதலிலேயே பதில்: ஈகிள் ஆக அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. விசாவில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் ஆகலாம்.

காலண்டர்

ஏழு படிநிலைகள்: ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், ஈகிள். முதல் நான்கில் அடுத்த படிநிலைக்கு ஏற இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஸ்டாருக்கு 4 மாதம், லைஃபுக்கு 6 மாதம், ஈகிளுக்கு 6 மாதம் என ஆக மொத்தம் 16 மாதம். இதை யாராலும் சுருக்க முடியாது.

பிள்ளை 2012 செப்டம்பர் 12 அன்று பிறந்ததாக வைத்துக்கொள்வோம். 2030 செப்டம்பர் 11-க்குள் எல்லாம் முடிய வேண்டும். அப்படியானால் லைஃப் 2030 மார்ச் முதல் வாரத்திலும், ஸ்டார் 2029 செப்டம்பர் முதல் வாரத்திலும், ஃபர்ஸ்ட் கிளாஸ் 2029 மே முதல் வாரத்திலும் கிடைத்திருக்க வேண்டும். இது விளிம்புக் கணக்கு. ஒரு போர்டு கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போனாலே கவிழ்ந்துவிடும். அந்தக் கடைசி 6 மாதத்துக்குள் ஈகிளுக்கான சேவை ப்ராஜெக்டும் முடிந்தாக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் பரிந்துரை: 13 வயதுக்குள் ஃபர்ஸ்ட் கிளாஸ், 15 முடிவதற்குள் லைஃப், பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் ப்ராஜெக்ட். கார் ஓட்டும் உரிமம், பகுதிநேர வேலை, கல்லூரி நுழைவுத் தேர்வு மூன்றும் 16 வயதில் சேர்ந்து வந்து நிற்கும். அதற்கு முன் வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் வரை பிள்ளைகளை நிறுத்திவைப்பது பெரும்பாலும் நீச்சல்தான். செகண்ட் கிளாஸில் தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் கால் முதலாகக் குதித்து, 25 அடி நீந்தி, நின்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸில் 100 யார்டு: 75 யார்டு வலுவான நீச்சல், கடைசி 25 யார்டு மல்லாந்து நிதானமாக, பிறகு அசையாமல் மிதக்க வேண்டும். கயிற்று முடிச்சை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். நீச்சலுக்குப் பல மாதம் ஆகும். ட்ரூப்பில் சேர்த்த வாரமே நீச்சல் வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

பொறுப்புப் பதவி: பெயர் மட்டும் போதாது

ஸ்டார், லைஃப், ஈகிள் மூன்றுக்கும் ட்ரூப்பில் ஒரு பொறுப்பில் இருந்து வேலை செய்திருக்க வேண்டும். பேட்ரோல் லீடர் (ட்ரூப்புக்குள் ஒரு சிறு குழுவின் தலைவர்), சீனியர் பேட்ரோல் லீடர், ட்ரூப் கைடு, குவார்ட்டர்மாஸ்டர், ஸ்க்ரைப், இன்ஸ்ட்ரக்டர், டென் சீஃப் போன்றவை கணக்கில் வரும். அசிஸ்டன்ட் பேட்ரோல் லீடர் கணக்கில் வராது. ப்யூகிளர் (ப்யூகிள் ஊதுபவர்) பதவி ஸ்டாருக்கும் லைஃபுக்கும் செல்லும், ஈகிளுக்குச் செல்லாது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் 6 மாதத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு படிநிலைக்கும் மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஸ்டாராக இருந்தபோது வகித்த பதவி ஈகிளுக்கு உதவாது. லைஃப் ஆன நாளிலிருந்து 6 மாதம் வேண்டும். அந்த 6 மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு பதவிகளைச் சேர்த்தும் காட்டலாம். பல ட்ரூப்களில் தேர்தல் ஆண்டுக்கு இரண்டு முறைதான் நடக்கும். தேர்தல் முடிந்த மறுவாரம் லைஃப் வாங்கிவிட்டு அடுத்த தேர்தலுக்காகக் காத்திருந்தால் ஆறு மாதம் சும்மா போகும். தேர்தலில் நிற்காமலே, ட்ரூப்பை நடத்தும் பெரியவரான ஸ்கவுட்மாஸ்டரோ சீனியர் பேட்ரோல் லீடரோ நியமிக்கும் பதவிகளும் உண்டு. லைஃப் போர்டுக்கு முன்பே பிள்ளை போய்க் கேட்டுவைக்கட்டும்.

மெரிட் பேட்ஜ்: நாள் எண்ணும் பேட்ஜை முதலில் தொடங்குங்கள்

ஒவ்வொரு துறையிலும் தேவைகளை முடித்து வாங்கும் மெரிட் பேட்ஜ் ஈகிளுக்கு மொத்தம் 21. அதில் ஒரு பகுதி கட்டாயப் பட்டியலிலிருந்து, மீதி விருப்பம். ஸ்டாருக்கு 6 (கட்டாயத்தில் 4), லைஃபுக்கு 11 (கட்டாயத்தில் 7). கட்டாயப் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஆகவே அண்ணன் பயன்படுத்திய பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு திட்டமிடாதீர்கள், நடப்பு ஆண்டின் தேவைப் பட்டியலை இயக்கத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்ஜ்களில் இரண்டு வகை. ஒரு வகையை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் பெரும்பகுதி முடித்துவிடலாம். மற்ற வகைக்கு நாட்கள் ஓட வேண்டும். பர்சனல் மேனேஜ்மென்ட்டுக்கு 13 வாரம் வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். பர்சனல் ஃபிட்னஸுக்கு 12 வார உடற்பயிற்சித் திட்டம். ஃபேமிலி லைஃபுக்கு வீட்டில் குறைந்தது ஐந்து வேலைகளை 90 நாள் செய்து குறித்துவர வேண்டும். மூன்றுமே ஏறக்குறைய ஒரே நீளம் என்பதைக் கவனியுங்கள். கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் பள்ளி திறந்த சில வாரங்களில் மூன்றும் முடிந்துவிடும். 17 வயது 10 மாதத்தில் தொடங்கினால் ஒன்றுகூட முடியாது. 13 வாரத்தை 8 வாரமாக்க எந்தக் கவுன்சிலருக்கும் (பேட்ஜ் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பெரியவர்) அதிகாரம் இல்லை.

அந்த வரவு செலவுக் கணக்கில் பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில்தான். நான்காவது வாரத்தில் எழுதுவதை விட்டுவிட்டு, பன்னிரண்டாவது வாரம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவார்கள். எல்லா வாரமும் ஒரே பேனா மையில் ஒரே தொகையாக இருக்கும், கவுன்சிலர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிறு இரவு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் என்று நேரத்தைக் குறித்துவிடுங்கள். வருமானமே இல்லாத பிள்ளைக்கு மாதக் கைச்செலவுப் பணம் என்று ஒரு சிறு தொகை கொடுக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கணக்கில் எழுத ஒன்றும் இருக்காது.

கேம்பிங் பேட்ஜுக்கு 20 இரவு, கூடாரத்திலோ திறந்த வானத்தின் கீழோ. கேபினில் தூங்கிய இரவு சேராது. குடும்பத்தோடு போன முகாமும் சேராது, ஸ்கவுட்டிங் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். கோடை முகாம் ஒன்றிலிருந்து அதிகபட்சம் 6 இரவு எடுத்துக்கொள்ளலாம், மீதி 14. வார இறுதி முகாமுக்கு 2 இரவு என்றால் ஏழு முகாம். சனிக்கிழமை நடனப் பள்ளி, ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று போகும் பிள்ளைக்கு இந்த ஏழு முகாம் எளிதில் அமையாது. ஆண்டுத் தொடக்கத்தில் ட்ரூப் காலண்டர் வந்ததும் நாலு முகாம்களைத் தேர்ந்து, அந்த வாரங்களில் மற்ற வகுப்புகளுக்கு லீவு சொல்லிவிடுங்கள். எத்தனையாவது இரவு, எந்த இடம் என்று தேதியோடு பிள்ளையே பட்டியல் வைத்திருக்கட்டும்.

நீச்சல், நடைப்பயணம், சைக்கிள் மூன்றில் ஒன்று போதும். நடைப்பயணத்தில் கடைசியாக ஒரே நாளில் 20 மைல் உண்டு, சைக்கிளில் 50 மைலை 8 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கு நீச்சல்தான் குறுக்கு வழி.

தேவைப் பட்டியலைப் படிக்கும் முறையையும் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்தான் முக்கியம். "செய்" என்றால் செய்திருக்க வேண்டும், "விளக்கு" என்றால் வாயால் விளக்க வேண்டும், "எழுது" என்றால் தாள் வேண்டும். செய்யச் சொன்ன இடத்தில் பவர்பாயின்ட் காட்டினால் செல்லாது. அதேபோல, வாயால் சொல்லச் சொன்ன இடத்தில் ஐந்து பக்கக் கட்டுரை கேட்கும் உரிமை கவுன்சிலருக்கும் கிடையாது. சில தேவைகளில் "கவுன்சிலரின் ஒப்புதலோடு" என்று இருக்கும். ஃபேமிலி லைஃபில் வரும் வீட்டு ப்ராஜெக்ட் அப்படிப்பட்டது. ஆர்வத்தில் அலமாரிக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டுப் பிறகு கவுன்சிலரிடம் போனால் இன்னொரு வேலை செய்யச் சொல்லக்கூடும்.

பாதியில் நின்ற பேட்ஜ் காலாவதி ஆகாது. 18 வயது வரை செல்லும். ஆகவே கவுன்சிலர் கையெழுத்து போட்ட நீல அட்டைகளை (பேட்ஜ் பதிவு அட்டை) ஒரு பைண்டரில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வையுங்கள், போட்டோவும் எடுங்கள். ஆன்லைன் பதிவு விடுபட்டுப்போனால் அந்த அட்டைதான் சாட்சி.

கவுன்சிலருக்கு மின்னஞ்சல் எழுதுவது பிள்ளையின் வேலை. இளையோர் பாதுகாப்பு விதிப்படி பெற்றோரையோ இன்னொரு பெரியவரையோ நகலில் சேர்க்க வேண்டும். நீங்கள் நகலில் இருங்கள், பதில் எழுதாதீர்கள். முதல் மின்னஞ்சல் நான்கு வரி போதும்: என் பெயர், ட்ரூப் எண், எந்த பேட்ஜ், எந்தெந்த நாள் வசதி. ஒரு வாரம் பதில் வராவிட்டால் மறுபடி எழுதச் சொல்லுங்கள். "அங்கிள் பதில் போடவே இல்லை" என்று மூன்று மாதம் கிடப்பில் போடுவது பிள்ளைகளின் வழக்கம். மேலே சொன்ன காலண்டரை நாசமாக்குவதில் இதற்கு இணை வேறில்லை.

சேவை ப்ராஜெக்ட்

பெற்றோர் அதிகம் கை வைக்க ஆசைப்படும் இடமும், கை வைக்கவே கூடாத இடமும் இதுதான். லைஃப் ஸ்கவுட்டாக இருக்கும்போது, ஒரு பள்ளிக்கோ மத நிறுவனத்துக்கோ ஊருக்கோ பயன்படும் ஒரு வேலையைத் திட்டமிட்டு, மற்றவர்களை வழிநடத்தி முடிக்க வேண்டும். ஸ்கவுட்டிங் இயக்கத்துக்கே செய்யும் வேலை ஆகாது, வணிக நிறுவனத்துக்கும் ஆகாது. கோயில், தமிழ்ப் பள்ளி, நூலகம், பூங்கா, விலங்குக் காப்பகம் எல்லாம் ஆகும். குறைந்தபட்ச மணிக்கணக்கு என்று எதுவும் இல்லை, யாராவது 100 மணி என்று சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளையைத் தவிர இன்னும் இரண்டு பேராவது அதன் தலைமையில் வேலை செய்திருக்க வேண்டும்.

ஊருக்குப் புத்தகம் அனுப்புவது, கிராமத்துப் பள்ளிக்குக் கணினி வாங்கித் தருவது போன்ற யோசனை நம் வீடுகளில் கட்டாயம் எழும். "ஊர்" என்பது உலகின் எந்த மூலையாகவும் இருக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் பணம் திரட்டி அனுப்புவது மட்டும் ப்ராஜெக்ட் ஆகாது. பணம் திரட்டுவது பொருள் வாங்குவதற்காக மட்டும்தான். புத்தகம் சேகரிப்பது என்றால், யார் எங்கே பெட்டி வைத்தார்கள், யார் தரம் பிரித்தார்கள், அந்தக் குழுவைப் பிள்ளை எப்படி நடத்தியது என்று காட்ட வேண்டியிருக்கும். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கும் வேலையில் தலைமையைக் காட்டுவது கஷ்டம். கண்ணுக்கு முன் நடக்கும் வேலையே மேல்.

ஒப்புதலுக்கு முன் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. இயக்கத்தின் ப்ராஜெக்ட் வொர்க்புக்கைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதில் ப்ரப்போசல் பகுதியில் பயன்பெறும் நிறுவனம், ஸ்கவுட்மாஸ்டர், ட்ரூப் கமிட்டி மூவரும் கையெழுத்திட்ட பிறகு, கடைசியாக இயக்கத்தின் மாவட்டமோ கவுன்சிலோ (வட்டாரக் கிளை) கையெழுத்திடும். இந்தச் சுற்றுக்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். குடும்பம், உறவினர், ட்ரூப், பயன்பெறும் நிறுவனம் ஆகியோர் தவிர வெளியாரிடம் பணமோ பொருளோ கேட்பதாக இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பமும் வேண்டும். மிஞ்சும் பணம் பயன்பெறும் நிறுவனத்துக்குச் சேரும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பள்ளித் தோட்டத்துக்கு 4 அடி அகலம், 8 அடி நீளத்தில் நான்கு மரப் பாத்திகள். பிள்ளைகள் பொதுவாக "கொஞ்சம் மரம், கொஞ்சம் மண், சனிக்கிழமை வாங்க" என்ற அளவில் நிறுத்திவிடுவார்கள். கணக்கு இப்படி ஓட வேண்டும்:

மரம்: 8 அடி நீளமுள்ள 2×12 (அங்குலம்) பலகை. ஒரு பாத்திக்கு மூன்று (இரண்டு முழுசாக, ஒன்று பாதியாக வெட்டியது). நான்கு பாத்திக்கு 12. வளைந்த பலகை வந்தால் மாற்ற ஒன்று கூடுதல்.

மூலைக்கட்டை: 8 அடி 4×4 இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் 11 அங்குலத் துண்டு எட்டு வரும்.

திருகு: 3 அங்குலம், வெளியில் பயன்படுத்தும் வகை. மூலைக்கு 6, பாத்திக்கு 24, மொத்தம் 96. 100 உள்ள பெட்டி ஒன்றில் நான்குதான் மிஞ்சும். உடைவதும் தொலைவதும் உண்டு, இரண்டு வாங்குங்கள்.

மண்: 2×12 பலகையின் உண்மையான அகலம் 12 அங்குலம் அல்ல, 11¼ அங்குலம். ஒரு பாத்திக்குக் கிட்டத்தட்ட 30 கன அடி, நான்குக்கு 120. ஒரு கன யார்டு 27 கன அடி என்பதால் இது நாலரை யார்டு. மண் அமுங்கும், 5 யார்டு ஆர்டர் செய்யலாம்.

இந்த 5 யார்டு மண் லாரியில் வந்து எங்கே கொட்டப்படும் என்பதுதான் அன்றைய நாளை முடிவு செய்யும் கேள்வி. 135 கன அடி மண்ணைத் தள்ளுவண்டிக்கு நாலரை கன அடி வீதம் தள்ளினால் 30 நடை. தோட்டத்துக்கு அருகில் கொட்டினால் இரண்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம். பார்க்கிங்கில் கொட்டினால் பொழுது சாய்ந்துவிடும், அழைத்து வந்த ஆட்கள் மதியமே கிளம்பிவிடுவார்கள். லாரி தோட்டம் வரை போகலாமா, கேட் எத்தனை அடி அகலம், சாவி யாரிடம் என்று பள்ளிப் பொறுப்பாளரிடம் பிள்ளை முன்கூட்டியே கேட்டு, டேப் வைத்து அளந்து வர வேண்டும். காய்கறி வளர்க்கும் பாத்திக்கு எந்த வகை மரம் என்பதையும் அவர்களே எழுத்தில் சொல்லட்டும்.

பாதுகாப்புக்கு இயக்கம் வயதுவாரியாக ஒரு கருவி அட்டவணை வைத்திருக்கிறது. வட்ட மின்ரம்பம் போன்றவை 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ஆகவே பலகை வெட்டும் வேலையை முந்தைய நாளே ஒரு பெரியவர் முடித்துவிட்டால், மறுநாள் பிள்ளைகள் கை பிசைந்து நிற்க மாட்டார்கள். ட்ரில் யார் பிடிக்கலாம் என்பதையும் அந்த அட்டவணையில் பார்த்து ப்ரப்போசலிலேயே எழுதிவிடுங்கள். கையுறை, கண்ணாடி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, மழை பெய்தால் மாற்று நாள், இவை இல்லாத ப்ரப்போசல் திரும்பி வரும்.

வேலை நாளில் பிள்ளையின் கையில் ட்ரில் இருந்தால் தவறு, காகிதம் செருகிய கிளிப்போர்டு இருந்தால் சரி. சட்டம் பூட்ட நால்வர், மண் தள்ள நால்வர், சமன் செய்ய இருவர் என்று பிரித்து, ஒரு மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிட வேண்டும். அப்பா பக்கத்தில் நின்று "அதை அப்படி வைப்பா" என்று சொல்ல ஆரம்பித்தால் வந்தவர்கள் எல்லாம் அப்பாவையே கேட்கத் தொடங்குவார்கள். அதன்பிறகு அந்த ப்ராஜெக்ட் அப்பாவுடையது. தண்ணீர்ப் பாட்டில் அடுக்குங்கள், வருகைப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதி வாங்குங்கள், அது போதும். மொத்த மணிநேரத்தை ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுத வேண்டும், பிறகு நினைவுபடுத்தி எழுதுவது கஷ்டம்.

திட்டம் நடுவில் மாறினால் பயப்பட வேண்டாம். எது மாறியது, ஏன், யாரிடம் பேசி முடிவெடுத்தது என்று குறித்து வைத்தால் அதுவே போர்டில் நல்ல பதிலாகும்.

விண்ணப்பமும் போர்டும்

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைப்பது தேதிப் பிழைகள். போர்டு நடந்த தேதிகள், 21 பேட்ஜ் தேதிகள், பதவி தொடங்கி முடிந்த தேதிகள் எல்லாம் கவுன்சில் பதிவோடு பொருந்த வேண்டும். லைஃப் ஆன உடனேயே கவுன்சில் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி, பைண்டரோடு ஒப்பிடுங்கள். பழைய பேட்ஜ் ஒன்று விடுபட்டிருந்தால் கையெழுத்திட்ட கவுன்சிலர் ஊரை விட்டுப் போவதற்குள் சரிசெய்யலாம்.

விண்ணப்பத்தோடு வாழ்க்கை நோக்கத்தைச் சொல்லும் ஒரு கடிதமும் பரிந்துரையாளர் பட்டியலும் வேண்டும்: பெற்றோர், மதம், கல்வி, வேலை இருந்தால் முதலாளி, மேலும் இருவர். எந்தக் கோயிலோடும் தொடர்பில்லாத குடும்பத்தில் மதம் என்ற இடத்தைப் பெற்றோரே நிரப்பலாம். எழுதுபவர்களிடம் பிள்ளை முன்கூட்டியே நேரில் கேட்கட்டும். கடிதத்தைப் பிள்ளையோ நீங்களோ பிரித்துப் படிக்கக்கூடாது.

ஸ்கவுட்மாஸ்டருடனான இறுதி உரையாடலும் 18-க்கு முன் முடிய வேண்டும். அந்த வாரம் அவர் விடுமுறையில் இருந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்டில் 3 முதல் 6 பேர், அனைவரும் 21 வயது நிரம்பியவர்கள். பெற்றோரும் ஸ்கவுட்மாஸ்டரும் அதில் உறுப்பினராக இருக்க முடியாது. முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். முடிச்சுப் போடச் சொல்லி மறுபடி பரீட்சை வைக்கக்கூடாது என்பது விதி. ப்ராஜெக்டில் எது சொதப்பியது, வேலை செய்ய மறுத்தவரை எப்படிச் சமாளித்தாய், ட்ரூப்பில் எதை மாற்றுவாய் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதிலை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். வீட்டில் ஒத்திகை பார்ப்பதென்றால் பதிலைத் திருத்தாதீர்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பேச்சு தமிழில் நடந்தாலும் பரவாயில்லை. சீருடையில் பேட்ஜ்கள் சரியான இடத்தில் தைத்திருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள், போர்டு அன்று மாலை ஊசி நூல் தேடாதீர்கள்.

போர்டு ஒப்புதல் கொடுத்தாலும் தேசிய அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வந்து சேரச் சில காலம் ஆகும். விழாவுக்கு மண்டபம் பிடிப்பதும், ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்கு டிக்கெட் போடுவதும் அது கையில் வந்த பிறகுதான்.